இருபத்தெட்டரைச் சக்கரம்

போன ஜூலையில் ஐந்தருவிக்குப் போன அன்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க மலைமேல் மழை. ஐந்து கிளையும் தனித்தனியாகத் தெரியவில்லை, ஒரே வெள்ளைச் சுவராக இறங்கிக்கொண்டிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாக ஒரு கூட்டம், தண்ணீர் எப்போது குறையும் என்று போலீஸ்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. என் மகளுக்கு எட்டு வயது. பெங்களூரிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்து அருவியை வேடிக்கை மட்டும் பார்ப்பது என்பது அவள் அகராதியில் இல்லை. சமாதானமாகக் கடைகளைச் சுற்றினோம். மங்குஸ்தான், ரம்புட்டான், சிப்ஸ் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மரத்தடியில் தார்ப்பாய் விரித்து பழைய காசு விற்பவரிடம் போய் நின்றோம்.

சுற்றுலாத் தலங்களில் விற்கும் பழைய காசு பெரும்பாலும் போலி. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் அனுமார் படமும் போட்ட செப்புத் தட்டு அவரிடமும் இருந்தது. கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததே இல்லை. அதையெல்லாம் ஒதுக்கிப் பார்த்தபோது அடியில் ஒரு செப்புக் காசு கிடந்தது. ஒரு பக்கம் சங்கு. இன்னொரு பக்கம் பின்னிக்கொண்ட ஆங்கில எழுத்துகள்: பி, ஆர், வி. பால ராம வர்மா, திருவிதாங்கூரின் கடைசி மகாராஜா. எட்டுக் காசு நாணயம்.

"நூத்தம்பது குடுங்க சார், ராஜா காலத்துக் காசு."

"அண்ணாச்சி, இது கிலோக்கணக்கில கிடைக்குமே."

எண்பதுக்கு முடிந்தது. மகள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இதை யாருப்பா அமுக்குனாங்க?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வேலை நிமித்தமாகக் கார்டிஃபில் ஒன்றரை வருடம் இருந்தோம். 2022 கோடையில், அங்கிருந்து பக்கத்திலேயே இருக்கும் லாண்ட்ரிசன்ட் ஊருக்கு, பிரிட்டனின் ராயல் மின்ட் நாணயச்சாலையைப் பார்க்கப் போனோம். லண்டனில் டவர் குன்றில் இருந்த நாணயச்சாலையை வேல்ஸுக்கு மாற்றிக்கொண்டு வந்தது 1968இல். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்று நூற்றாண்டுகளாக ஓடிய கணக்கை 1971 பிப்ரவரி 15 அன்று நூறு பென்னியாக மாற்றப்போகிறார்கள், அதற்குக் கோடிக்கணக்கில் புதுக் காசு வேண்டும், பழைய இடம் போதாது. 2016 முதல் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் இயந்திரங்கள் நாணயங்களைத் துப்பிக்கொண்டிருக்கும். உலோகத் தகட்டிலிருந்து வில்லை வெட்டுவது, சூளையில் வாட்டி மென்மையாக்குவது, ஓரம் உருட்டி உயர்த்துவது, கடைசியில் மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஒரே அறை. குழந்தைகளுக்குப் பிடித்தது கடைசியில் வரும். பொத்தானை நாமே அமுக்கலாம், நமக்கென்று ஒரு நாணயம் விழும். ஆறு வயதில் அவள் அமுக்கினாள். அந்த நாணயம் இன்னும் அவள் பென்சில் டப்பாவில் இருக்கிறது. அன்றிலிருந்து அவளைப் பொறுத்தவரை உலகத்தின் ஒவ்வொரு காசையும் யாரோ ஒரு ஆள் அமுக்கியிருக்க வேண்டும்.

நல்ல கேள்விதான். ஆனால் நாணய வரலாற்றில் இதற்கு மட்டும் பதில் கிடையாது. எந்த ராஜா, எந்த வருஷம், எத்தனை கிராம் என்பதற்கெல்லாம் பட்டியல் இருக்கிறது. அடித்த கைக்கும் எண்ணிய கைக்கும் பட்டியல் இல்லை.

அருவியைக் காட்டி அவளுக்கு வேறு ஒரு கதை சொன்னேன். இந்தத் தண்ணீர் சிற்றாற்றில் சேரும், சிற்றாறு தாமிரபரணியில் சேரும், அது கொற்கைப் பக்கமாகக் கடலுக்குப் போகும். கொற்கை பாண்டியர்களின் பழைய துறைமுகம். அதற்குப் பக்கத்தில் அக்கசாலை என்று ஒரு ஊர் இன்றும் இருக்கிறது. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். கால்டுவெல் தன் திருநெல்வேலி வரலாற்றில் (1881) இந்த ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் அங்கே பாண்டியர் நாணயச்சாலை இருந்ததென்று சொல்கிறார். அடித்த காசு எங்கெங்கோ போய்விட்டது, பட்டறையும் போய்விட்டது, பெயர் மட்டும் ஊராக உட்கார்ந்திருக்கிறது. சென்னையில் மின்ட் என்றால் பஸ் நிறுத்தம். கம்பெனியின் நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது, தங்கசாலைத் தெரு மட்டும் அப்படியே. தமிழில் பணத்துக்கு இருக்கும் சொற்களில் பாதி செத்துப்போன நாணயங்கள்தான். காசு ஒரு நாணயம். பணம் ஒரு நாணயம். கம்பெனி காலத்து மதராஸில் எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன். துட்டு, தூத்துக்குடியில் இருந்த டச்சுக்காரர்களின் 'டாய்ட்' என்ற செப்புக்காசு.

அந்தப் பட்டியலில் எங்கள் வீட்டில் ஒன்று கூடுதல்: சக்கரம். "கையில சக்கரம் இல்லய்யா" என்பாள் ஆச்சி, பொங்கல்படி கேட்டால். சின்ன வயதில் நான் அதை வண்டிச் சக்கரம் என்றே நினைத்தேன்.

ஆச்சி செங்கோட்டைக்காரி. ஐந்தருவியிலிருந்து செங்கோட்டைக்கு வயல்களுக்கு நடுவே ஒரு ரோடு போகிறது, ஆட்டோவில் கால்மணி நேரம். இன்றைக்கு இரண்டும் தென்காசி மாவட்டம். ஆனால் 1956 நவம்பர் 1 வரை இந்தக் கால்மணி நேரத்துக்குள் ஒரு எல்லை இருந்தது. குற்றாலமும் தென்காசியும் பிரிட்டிஷ் இந்தியாவின் திருநெல்வேலி ஜில்லா. செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். 1911இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர், வேலை பார்த்தது புனலூரில், வனத்துறையில். அதாவது ஒரு சமஸ்தானத்துப் பிரஜை பக்கத்து நாட்டுக் கலெக்டரைச் சுட்டிருக்கிறார் என்றும் சொல்லலாம். பாடப்புத்தகத்தில் இப்படி யாரும் எழுத மாட்டார்கள்.

எல்லை என்றால் முள்வேலி இல்லை. 1865இல் திருவிதாங்கூரும் கொச்சியும் மதராஸ் அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலவழிச் சுங்கம் பெரும்பாலும் போய்விட்டது. கிழக்கிலிருந்து துணியும் மாடும் காய்கறியும் ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கே போகும், மேற்கிலிருந்து மிளகும் பாக்கும் வரும். பொண்ணு குடுக்கல் வாங்கலும் உண்டு. இத்தனையும் தடையில்லாமல் போய்வந்த இடத்தில் எல்லை எங்கே தெரிந்தது என்றால், கல்லாப்பெட்டியில். அந்தப் பக்கம் ரூபாய், அணா, பைசா. இந்தப் பக்கம் காசு, சக்கரம், பணம். அந்தப் பக்கக் காசில் இங்கிலாந்து ராஜாவின் தலை. இந்தப் பக்கத்தில் சங்கு, அதாவது பத்மநாபசுவாமியின் சங்கு. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே அவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு தாசனாக ஆண்டதாக ஏற்பாடு.

இனி வருவது கணக்கு. எங்கள் வீட்டுக் கதை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது என்பதால் பொறுத்துக்கொள்ளவும்.

16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக சமஸ்தானத்து ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு மாற்று 28 சக்கரம் 8 காசு, அதாவது இருபத்தெட்டரை. அவர்கள் ரூபாய் 56 நம் ரூபாய் 57க்குச் சமம். யார் யாருக்கு மேலே என்பதை ஐம்பத்தேழில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகச் சொல்லிவிட்ட கணக்கு இது. இதே தர்பார் வேறு இடங்களிலும் உண்டு. ஹைதராபாத் நிஜாமின் 'ஹாலி சிக்கா' ரூபாய் ஏழுக்கு இந்திய ரூபாய் ஆறு.

ரூபாய் அளவில் சிக்கல் இல்லை. அரைச் சக்கரத்துக்கு என்றே எட்டுக் காசு நாணயம் இருந்தது, இப்போது என் மகள் கையில் இருப்பது. சிக்கல் கீழே இறங்கினால்தான். ஒரு பிரிட்டிஷ் ரூபாய் 456 காசு. 16 அணாவுக்கு வகுத்தால் அணாவுக்கு 28½ காசு. அந்தக் காலத்தில் புழங்கிய மிகச் சிறிய நாணயமே ஒரு காசு. தென்காசியிலிருந்து வந்த ஒருவர் ஓரணாவைக் கொடுத்தால் அந்த அரைக் காசை எப்படிக் கொடுப்பது?

நான் பில்லிங் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் எனக்கு வந்த முதல் பெரிய திட்டு இந்த அரைக் காசுக்காகத்தான். வரியை ஒவ்வொரு வரிசையிலும் முழுமையாக்கிக் கூட்டுவதா, கூட்டி முடித்து முழுமையாக்குவதா என்பதில் தப்பு செய்தேன். ஒரு இன்வாய்ஸில் ஒரு பைசா வித்தியாசம். மாதக் கடைசியில் பார்த்தால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தொகை கணக்கில் மிதந்துகொண்டிருந்தது. எங்கள் துறையில் அதற்கு 'ரவுண்டிங்' பிழை என்று பெயர். செங்கோட்டையில் அதற்கு ஆச்சி என்று பெயர்.

இதை எனக்குச் சொன்னது அத்தை. அருவியில் தடை நீங்கவே இல்லை என்று ஆனதும் நாங்கள் அவள் வீட்டுக்குத்தான் போனோம். தாத்தாவின் பழைய வீடு, முன்னறைதான் ஒரு காலத்தில் பலசரக்குக் கடை. எட்டுக் காசைக் காட்டியதும் அத்தை சிரித்தாள்.

"எம்பது ரூவா குடுத்தியாக்கும். கேட்டிருந்தா நான் சும்மா குடுத்திருப்பேம்லா."

பரணிலிருந்து இரண்டு சாமான்களை இறக்கச் சொன்னாள். ஒன்று மரப்பலகை. முழங்கை நீளம், வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். சிறுவயதில் நான் அதைப் பல்லாங்குழி என்று நினைத்து, குழி ஏன் இவ்வளவு சின்னது, ஏன் இத்தனை என்று குழம்பியிருக்கிறேன். அது சக்கரம் எண்ணும் பலகை. தாத்தாவின் அப்பா காலத்தது. அப்போது சக்கரம் வெள்ளி. வெள்ளி என்றதும் ஏதோ பெரிதாக நினைக்க வேண்டாம். துவரம்பருப்பை நசுக்கினால் வரும் அளவு, அரைக் கிராம் எடைகூடத் தேறாது. விரலால் எடுத்து எண்ணுகிற காரியம் இல்லை. வரி கட்ட ஆயிரம் சக்கரம் கொண்டுபோனால் எண்ணுகிறவனுக்குப் பொழுது சாய்ந்துவிடும். அதனால் இந்தப் பலகை. ஒரு பிடி அள்ளிப் போட வேண்டும், பலகையைப் பக்கவாட்டில் குலுக்க வேண்டும். குழிக்கு ஒன்றாக விழும். மேலே நிற்பதை உள்ளங்கையால் வழித்துவிட்டால், எண்ணாமலே எண்ணிக்கை. நூறு குழி என்றால் நூறு. கஜானாவிலும் கடையிலும் இதுதான் முறை. நாணயச்சாலையில் பார்த்த எந்த இயந்திரத்தையும்விட இந்தப் பலகைதான் எனக்கு ஆச்சரியம். அங்கே எல்லாம் காசை உண்டாக்கும் கருவிகள். இது காசை நம்பவைக்கும் கருவி: கொடுப்பவன் வாங்குபவன் இருவர் கண்முன்னாலும் குழி நிறைந்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

இன்னொன்று ஓவல்டின் டப்பா. அதுதான் ஆச்சியின் சிறுவாடு.

சிறுவாடு என்ற சொல் தெரியாதவர்களுக்கு: புருஷனுக்குத் தெரியாமல் பெண்கள் சேர்த்து வைக்கும் பணம். அரிசிப்பானை, கடுகு டப்பா, சேலை மடிப்பு என்று அதற்கு வங்கிகள் உண்டு.

ஆச்சிக்கு 1940 வாக்கில் கல்யாணம். தாத்தா சரக்கெடுக்கத் தென்காசிக்குப் போகும் நாட்களில் அவள்தான் கல்லாவில். அப்போது வெள்ளிச் சக்கரம் ஓய்ந்து செப்புச் சக்கரம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஆள் ஓரணா கொடுத்துப் பத்துக் காசுக்குச் சாமான் வாங்கினால் மீதி பதினெட்டரைக் காசு. ஆச்சி பதினெட்டு கொடுப்பாள். அரைக் காசு ஆச்சிக்கு. ஈரணாவாகக் கொடுத்தால் 57 காசு, கணக்கு நேர். "வெவரமானவன் ரெண்டணாவாக் குடுப்பான், மத்தவன் ஓரணாவாக் குடுப்பான்" என்றாள் அத்தை. தாத்தா ராத்திரி பதிவது 28தான், கணக்கு இடிக்காது. அரைக் காசு இரண்டு சேர்ந்தால் ஒரு காசு. முப்பத்திரண்டு பேர் வந்துபோனால் ஒரு சக்கரம்.

இது திருட்டா? அத்தையிடம் கேட்டேன். "கடையில காலையில இருந்து நின்னது யாரு?" என்று மட்டும் சொன்னாள்.

1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சமஸ்தானத்துக் காசுக்கு அதன் பிறகு வாழ்வில்லை; சக்கரத்தைக் கொடுத்து ரூபாய் அணா வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கொடுக்கிற விகிதமும் தெரிந்ததே, இருபத்தெட்டரை. தாத்தா கல்லாவில் இருந்ததை மாற்றிவிட்டார். டப்பாவில் இருந்ததை மாற்ற ஆச்சி வெளியே எடுத்திருக்க வேண்டும். அவள் தனியாகப் போய் மாற்றுகிற காலம் இல்லை. யார் கையிலாவது கொடுத்தனுப்பினால் மாலைக்குள் தாத்தா காதுக்கு வந்துவிடும். எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வதைவிடப் பணம் செல்லாமல் போவதே மேல் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில்.

என் அப்பா இதை ஒப்புக்கொள்வதில்லை. "அம்மைக்கு மறந்திருக்கும், எங்கயாவது வச்சிட்டு மறந்திருப்பா" என்பார். அத்தைக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு அரைக் காசாகச் சேர்த்தவளுக்கா மறக்கும்?

நானும் அப்பாவின் கட்சியில்தான் இருந்தேன், 2016 நவம்பர் 8 வரை. அன்று ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள்ளிருந்து அம்மா ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். 18,500 ரூபாய். அப்பா பையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். வங்கியில் கட்ட டிசம்பர் 30 வரை நாள் இருந்தது. நான் கொண்டுபோய்க் கட்டினேன். பணம் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் அம்மா அதற்கப்புறம் டிரம்மில் எதுவும் வைத்ததாகத் தெரியவில்லை. அன்றைக்கு அந்தப் பையை மேஜையில் வைத்துவிட்டு நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் ஆச்சி ஏன் டப்பாவைத் திறக்கவில்லை என்று புரிந்தது. நாணய மாற்றம் பற்றிய புத்தகங்களில் 'திரும்ப வராத நாணயம்' என்று ஒரு தொகையைக் குறிப்பிடுவார்கள். தொலைந்தது, உருக்கியது, புதைந்தது என்று காரணம் சொல்வார்கள். சொல்ல முடியாதது என்று ஒரு காரணத்தை யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

செங்கோட்டைக்கு அதோடு ஓயவில்லை. 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாக மதராஸ் மாநிலத்துக்கு வந்தன. அதற்காக 1954 ஆகஸ்ட் 11இல் தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்ப்பலி நடந்திருந்தது. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆரியங்காவும் தென்மலையும் கேரளத்தில் நின்றுவிட்டன. அதற்கு ஐந்தே மாதம் கழித்து, 1957 ஏப்ரல் 1இல், அணாவும் போய் நயா பைசா. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசா கிடையாதே என்று அரசாங்கமே அட்டவணை போட்டது: ஓரணா 6, ஈரணா 12, மூன்றணா 19, நாலணா 25. எட்டே வருஷத்தில் மூன்றாவது நாணயம், மூன்றாவது வாய்ப்பாடு. அப்போது ஆச்சி கல்லாவில் இல்லை, கைக்குழந்தையாக அத்தை இருந்தாள். இருந்திருந்தால் அந்தக் கால் பைசாவுக்கும் ஒரு டப்பா வந்திருக்கும்.

மகளுக்கு இந்தக் கதையில் எது பிடித்தது என்று தெரியவில்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு டப்பாவைக் கவிழ்த்தாள். செப்புச் சக்கரங்கள், பச்சை பூத்தவை சில, ஒட்டிக்கொண்டவை சில. குலுக்கினாள். ஒன்றுகூடக் குழியில் இறங்கவில்லை. பலகை வெள்ளிச் சக்கரத்துக்குச் செய்தது, செப்பு அதைவிடப் பல மடங்கு பெரிது.

"கையால எண்ணு மக்கா" என்றாள் அத்தை.

பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினோம். 211 சக்கரம். என் கைபேசியில் போட்டுப் பார்த்தேன்: 1949 கணக்கில் ஏழு ரூபாய் ஆறரை அணாவுக்குக் கொஞ்சம் குறைவு. அரைக் காசாகப் பிரித்தால் 6,752 பேர். எல்லாமே அப்படி வந்திருக்காது, வேறு வழியிலும் சேர்ந்திருக்கும். இருந்தாலும் அந்த எண்ணைச் சத்தமாகச் சொன்னேன்.

"அத்தன பேருக்கும் உப்பும் புளியும் மடிச்சுக் குடுத்திருக்கா" என்றாள் அத்தை.

மகள் எட்டுக் காசை எடுத்து அடுக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இது எந்த அடுக்கில் சேரும் என்று கேட்டாள். அது அரைச் சக்கரம், தனியாக இருக்கட்டும் என்றேன். அவள் கேட்கவில்லை, டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். அத்தை மூடியை அழுத்தி மூடி, பலகையோடு சேர்த்து என்னிடம் கொடுத்தாள், பரணில் வைக்க. ஸ்டூலில் ஏறி வைக்கும்போது கீழேயிருந்து குரல் வந்தது: "உங்கப்பாகிட்ட எவ்வளவுன்னு சொல்லாத, என்னய்யா."